தண்ணீர் சிந்தாத பாதை

கொழும்பில் இருக்கும் என் மகள் போன மாதம் ஹட்டனுக்கு வந்தபோது, பதினான்கு மாதப் பேரனோடு அவனுடைய தள்ளுவண்டியும் வந்து இறங்கியது. மடித்தால் குடை, விரித்தால் சிம்மாசனம். வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவள் தொலைபேசியில் கேட்டிருந்தாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு காலாற நடக்க இங்கே எந்தெந்தப் பாதை தோது என்று. தானே இணையத்தில் தேடி ஒரு பட்டியலும் அனுப்பினாள். தேயிலைக்கு நடுவே, சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏற்ற பாதைகள்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'எளிது' என்று போட்டிருந்தது. எழுதியவர் அவற்றில் நடந்திருக்கலாம். எதையும் தள்ளிக்கொண்டு நடந்திருக்க மாட்டார்.

பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, காரணங்களையும் எழுதித் திருப்பி அனுப்பினேன். உத்தியோகப் பழக்கம். எனக்குத் தெரிந்த பாதைகளில் மிக நல்லதை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அது ஏழு வயதில் நானே தேடி, சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பாதை.

அப்போது தம்பிக்கு இரண்டரை வயது. நடக்கத் தொடங்கியவன் ஒரு மழைக்காலத்தோடு நடப்பதை நிறுத்திக்கொண்டான். இடுப்பெலும்பில் கிருமி என்றார் தோட்டத்து டாக்டரையா. செவ்வாயும் வெள்ளியும் ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் எழுதியிருப்பதாகவும், பதில் வரும் என்றும் சொன்னார். அந்தக் கடிதம் எந்த மாதிரி மேசையில், எந்த மாதிரிக் கட்டின் அடியில் கிடந்திருக்கும் என்பதைப் பிற்காலத்தில் என் சொந்த மேசையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அம்மா கொழுந்து எடுக்க, அப்பா கவ்வாத்து வெட்ட, இரண்டு பேரும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றாக வேண்டும். ஊசிக்குத் தம்பியைக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு படி இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் அவன் அலறுவான். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நூறு படிக்குக் குறையாது. ஒருநாள் அவன் அலறல் பொறுக்காமல் பாதி வழியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போய் மருந்து கேட்டேன். நோயாளியை நேரில் காட்டினால்தான் மருந்து என்றார்கள். நியாயமான விதி. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நேரில் வந்து நிரூபிக்க வேண்டும் என்ற விதியை நானும் இருபத்தேழு வருடம் காத்தவள்.

என் மாமா, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் சமையல் உதவி. பழைய துரை குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்கு மாறிப் போனபோது, பிள்ளை வளர்ந்துவிட்டதால் விட்டுப் போன தள்ளுவண்டி ஒன்றை மாமா தூக்கிக்கொண்டு வந்தார். தேங்காய்ச் சிரட்டையைப் போல் வளைந்த உடம்பு, நான்கு சக்கரம், கீச்சென்ற சத்தம். தம்பியை அதில் படுக்கவைத்துவிட்டு மாமா கைகட்டி நின்றார்.

"துரை மகன் படுத்த வண்டி. இன்னையிலருந்து இவருதான் நமக்குச் சின்னத்துரை. சலாம் போடுங்க எல்லாரும்."

லயமே வந்து சலாம் போட்டது. பக்கத்துக் காம்பரா அத்தை, "சின்னத்துரை எப்ப மலை பாக்க வர்றாரு? எங்களுக்கு முழு நாள் பேர் போடுவாரா?" என்று கேட்டாள். தம்பி சிரித்தான்.

வண்டி கிடைத்தது, வண்டி போகும் வழிதான் இல்லை. லயத்துக்காரர்கள் நடப்பதற்கென்று தோட்டத்தில் போட்டதெல்லாம் படி. லொறி போகிற பெரிய ரோட்டில் கருங்கல் சல்லி, போதாததற்கு அது பங்களா வாசலைத் தொட்டுப் போனது. அங்கே சக்கரச் சத்தம் கேட்டதும் வாச்சர் கம்போடு வந்துவிட்டார். நான் வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். தம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். எந்த வழியில் தண்ணீர் குறைவாகச் சிந்துகிறதோ அந்த வழி. என் வாழ்க்கையில் நான் வகுத்த விதிகளில் அது ஒன்றுதான் முழுக்க நியாயமானது.

லயத்துக்குப் பின்னால், பீலித் தண்ணீர் விழும் இடத்திலிருந்து, வாகை மரங்களுக்கு அடியில் ஒரு பாதை பிரிந்து போனது. அகலமானது. மலையைக் குறுக்கே வெட்டாமல் அணைத்துக்கொண்டு சுற்றியது. ஒரு படிகூட இல்லை. கடைசி வளைவைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம். செம்பில் தண்ணீர் விளிம்போடு நின்றது. இத்தனை நல்ல வழியை விட்டுவிட்டு இவர்கள் ஏன் படி ஏறிச் சாகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது மயானப் பாதை; மயானம் ஆஸ்பத்திரிக்கும் அப்பால். பாடை சாயக்கூடாது என்பதற்காக அதைச் சமமாக வைத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை; பீலியடியோடு நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனவே தோட்டத்தில் இருந்த ஒரே குலுங்காத வழியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஏழெட்டு வாரம் போனோம். தம்பி ஒருநாளும் அழவில்லை. வழியில் காய்ந்த செவ்வந்தி கிடக்கும், எடுத்துக் கொடுப்பேன். சில நாள் வழி நெடுகப் பொரி இறைந்து கிடக்கும். அதையும் எடுத்துக் கொடுப்பேன். துடைத்துத்தான் கொடுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதையில் ஒரு கிழவர் மண்வெட்டியால் புல் செதுக்கிக்கொண்டிருந்தார். வண்டியையும், உள்ளே பொரி தின்றுகொண்டிருந்த தம்பியையும் பார்த்து நிமிர்ந்தார்.

"யாரு உன்னைய இந்த வழியா வரச் சொன்னது?"

"நானே கண்டுபிடிச்சேங்க."

"ம். நல்ல வழியாத்தான் பாத்துருக்க." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குனிந்து, தம்பியின் கையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டார். பிறகு, "பொரிய மட்டும் வாயில போட விடாத, தாயி" என்றார்.

அவர் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலை அப்பா என்னைப் பீலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த வழியில் போனால் தம்பி அழுகிறானா என்று கேட்டார். இல்லை என்றேன். பீலித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"எங்கெங்க குலுங்குது?"

மூன்று இடம் சொன்னேன். இரண்டு பள்ளம், ஒரு வாகை வேர். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது இரண்டு பள்ளத்தையும் யாரோ மண் போட்டு நிரவித் திமிசு அடித்திருந்தார்கள். வேர் மட்டும் வெட்ட வராத பெரிய வேர். அது அப்படியே இருந்தது.

ஆடி மழையில் ஊசி நின்றது. மருந்து வரவில்லை என்றார்கள். தம்பிக்கு விடாத காய்ச்சல். ஒரு வியாழக்கிழமை காலையில் என்னைக் கீழ் லயத்துச் சித்தி வீட்டில் விட்டார்கள். சித்தி எனக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, நான் தின்பதைப் பார்த்து அழுதாள். அடுப்புப் புகை என்றாள். தப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாராவது செத்தால் தப்பு அடிப்பார்கள், பாடை கட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இரண்டும் கிடையாது என்பது தெரியாது.

மத்தியானம் சித்தியின் கண்ணில் படாமல் எங்கள் லயத்துக்கு ஓடினேன். பீலியடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னைப் பார்த்ததும், "நீதான்டி எம்புள்ளைக்கு வழி காட்டிட்ட" என்றாள். பாராட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அப்பா தம்பியைக் கம்பளியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மாமாவோடும் அந்தக் கிழவரோடும் என் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். வண்டி காம்பரா வாசலில் மழையில் நனைந்தபடி நின்றது.

"அப்பா, வண்டிய விட்டுட்டுப் போறீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா நின்றார், திரும்பவில்லை.

"வாகை வேரு இன்னும் இருக்குப்பா. பாத்துப் போங்க, தம்பிக்கு வலிக்கும்."

"பாத்துப் போறேன்ம்மா" என்றார்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் படித்ததும் உத்தியோகம் பார்த்ததும் அப்படிக் கிடைத்த நாட்களால்தான்.

ஆனால் அன்று பீலியடியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. வண்டியில்லாமல் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அப்பா சேற்றில் சறுக்கிச் சறுக்கிப் போகிறார், முதல் வளைவு வரைக்கும் காதைத் தீட்டிக் கேட்டேன், தம்பி ஒருமுறைகூட அழவில்லை. கடைசியில் ஊசி வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.