பச்சை விழுந்த கோப்பு

திருச்செங்கோட்டை ஒட்டி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் மாடி அறையில்தான் சாரதாமணிக்கு வேலை. கீழே இரும்பறுக்கும் சத்தம் காலையில் தொடங்கினால் ஓய்வதில்லை. போர் போடும் வண்டியின் எந்தப் பாகத்தை எப்படிக் கழற்றி எப்படி மாட்டுவது என்று சொல்லும் கையேட்டைத் தயார் செய்வது அவள் பொறுப்பு. அது அச்சுக்குப் போவதில்லை. வண்டியோடு கொடுத்தனுப்பும் டேப்லெட்டில் ஏறிவிடும். பாகத்தின் பெயரைத் தொட்டால், முதலில் இதைச் செய், அடுத்து இதைச் செய் என்று தமிழில் வரிசையாக வரும்.

இது என்ன வேலை என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. மாமியார் பெரியநாயகி, கேட்டவர்களிடம் மருமகள் கம்பெனியில் டைப் அடிக்கிறாள் என்று சொல்லி முடித்துக்கொள்வாள். கணவன் காளிதாஸ் மட்டும்தான் விடாமல் துளைத்துக் கேட்டான். அவன் அதே கம்பெனி ரிக்கில் டிரில்லர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பான். ஊருக்கு வந்திருந்த ஒருமுறை, தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்டான்.

அவளும் பொறுமையாகச் சொன்னாள். கையேட்டை எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுத வேண்டும். இது தலைப்பு, இது எச்சரிக்கை, இது செய்முறை என்று ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் அடையாளம் போட வேண்டும். எதற்குள் எது வரலாம், எது முதலில் வர வேண்டும், எது கட்டாயம், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற சட்டமெல்லாம் டிடிடி என்ற இன்னொரு கோப்பில் இருக்கும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்க்கும். மீறியிருந்தால் அந்த வரியில் சிவப்பு விழும். எல்லாம் சரியென்றால் பச்சை.

"அப்ப நம்ம கல்யாணத்துல அருமைக்காரர் மாதிரிங்கிற" என்றான் காளிதாஸ்.

சரியாகத்தான் பிடித்தான். கொங்குக் கல்யாணத்தில் ஒவ்வொரு சீரும் முறைப்படி நடக்கிறதா என்று நின்று பார்ப்பவர் அருமைக்காரர். ஒன்று முன்பின்னாகப் போனாலும் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

"ஆமாங்க. ஆனா வரிசையைத்தான் பாப்பாரு. பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கான்னெல்லாம் கேக்கமாட்டாரு."

உனக்குப் பிடித்ததா என்று அவன் கேட்டான். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அன்றைக்கு அவன் தட்டில் மட்டும் நெய் கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

சாரதாமணிக்கு ஒரு குணம். திரையில் சிவப்பு இருந்தால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கமாட்டாள். பச்சை விழுந்துவிட்டால் வேலை முடிந்தது, திரும்பிப் பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பச்சை அவளை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. அதை நம்பியே பழகிவிட்டாள், பாவம்.

கையேட்டுக்கான விஷயத்தைச் சொல்பவர் தலைமை ஃபிட்டர் சின்னண்ணன். வேலையில் மனுஷர் கெட்டிக்காரர், பேச்சில்தான் ஒரு பழக்கம். செய்ய வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ஆபத்தைக் கடைசியில்தான் சொல்வார். "கழட்டிப்போடு அம்மிணி. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு பாத்துக்கோணும்" என்பார். அவர் சொன்னபடியே அவளும் அடித்துக்கொண்டு போவாள். டிடிடி விடாது. எச்சரிக்கை இருந்தால் செய்முறைக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சட்டம். ஆகவே கடைசியில் நிற்கும் எச்சரிக்கைகளையெல்லாம் வெட்டித் தனியாக ஒரு கோப்பில் போட்டுவைத்து, பிறகு ஒவ்வொன்றாக அதனதன் தலைப்புக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வழக்கம்.

இந்தத் தை மாதத்தில் புது மாதிரி ரிக் ஒன்று தயாரானது. முதல் வண்டி. அதை எடுத்துக்கொண்டு சத்தீஸ்கர் போவது காளிதாஸ்தான். அவனுக்கு உதவியாகத் தம்மம்பட்டிக்காரன் தீர்த்தகிரி. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. வண்டி கிளம்ப முதலாளி குருமூர்த்தி நல்ல நேரம் குறித்திருந்தார். என்ன ஆனாலும் அந்த நேரம் தப்பக்கூடாது. அதற்குள் கையேடு டேப்லெட்டில் ஏறியாக வேண்டும்.

அன்று காலை சாரதாமணி சிவப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எச்சரிக்கைகளை வெட்டித் தனியே வைத்தாயிற்று. சேர்க்கத் தொடங்குவதற்குள் கீழேயிருந்து ஆள் வந்தது. வண்டிக்கு ஆரத்தி எடுக்க டிரில்லரின் மனைவியே வர வேண்டும் என்று குருமூர்த்தி சொல்லிவிட்டாராம். ஓடினாள். ஆரத்தி சுற்றினாள். காளிதாஸ் நெற்றியில் அவளே பொட்டு வைத்தாள். தீர்த்தகிரி பூசணிக்காயை ஒரே கையால் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி உடைத்தான். சிதறிய துண்டொன்று முதலாளியின் வெள்ளை வேட்டியில் போய் ஒட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

சிரித்த முகத்தோடு மேலே வந்து, நேரமாகிறது என்று கீழே ஹாரன் அடிக்க, அவசரமாகச் சரிபார்த்தாள். பச்சை. டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தாள். வண்டி கிளம்பிப் போனது.

பங்குனி பிறந்து ஒரு நாள் முற்பகல் சின்னண்ணன் மாடிக்கு வந்தார். இரண்டாவது வண்டி தயாராகிறது, கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும் ஓஸ் குழாயைக் கழற்றும் இடத்தில் எச்சரிக்கையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றார். அவள் கோப்பைத் திறந்து அந்தத் தலைப்புக்குப் போனாள். தலைப்பு இருந்தது. நேராகச் செய்முறை தொடங்கியது. நடுவில் எதுவும் இல்லை. மேலே போய்ப் பார்த்தாள், கீழே போய்ப் பார்த்தாள். கையேடு முழுக்க ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

நம்ப முடியாமல் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினாள். பச்சை விழுந்தது. எச்சரிக்கை இருந்தால் முதலில் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம். இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வெட்டி வைத்த வரிகள் எல்லாம் அந்தத் தனிக் கோப்பில் வைத்தது வைத்தபடி இருந்தன.

பழைய வண்டியில் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஓஸைத் தைரியமாகக் கழற்றலாம். புது வண்டி அப்படியில்லை. முள் பூஜ்யத்தில் நின்றாலும் ஓஸுக்குள் காற்று அடைபட்டு நிற்கும். அடியிலிருக்கும் சின்ன வால்வைத் திறந்து அதை வெளியேற்றாமல் கழற்றினால், அடிக்கும் அடியில் ஆளே போய்விடலாம். அதைச் சொல்ல இருந்தது அந்த ஒரு எச்சரிக்கை மட்டும்தான்.

காளிதாஸுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று இந்தியில் ஒரு பெண் குரல் சொன்னது. தீர்த்தகிரிக்குப் போட்டாள். அதே குரல். போர் வேலை பிடித்துக்கொடுக்கக் கூடப் போன ஏஜென்ட்டின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி காளிதாஸுக்கு. மறுபடி அந்தக் குரல். அந்தப் பெண் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பாள்.

குருமூர்த்தியிடம் ஓடிப் போய்ச் சொன்னாள். அவர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காளிதாஸ் பழம் தின்று கொட்டை போட்டவன், புத்தகத்தைப் பார்த்தா வேலை செய்யப்போகிறான் என்றார்.

"அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் பழைய வண்டிங்க சார். அதுல பழகுன ஆளுதானுங்க முள்ளைப் பாத்துட்டுத் தைரியமாக் கழட்டுவாங்க."

குருமூர்த்தி எழுந்து நின்றார். அதற்குப் பிறகு அவரும் போனை எடுத்துக்கொண்டு, ராய்ப்பூரில் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் விடாமல் கூப்பிட ஆரம்பித்தார். அந்தக் காட்டுப் பக்கம் யாராவது போக முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். முதலாளி கெஞ்சி அவள் அதுவரை கேட்டதில்லை.

அவள் மாடிக்கு வந்து எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் சேர்த்தாள். சேர்த்து முடித்துச் சரிபார்த்தாள். அதே பச்சை. இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை. இதையா இத்தனை நாள் தெய்வமாக நம்பினோம் என்று மனம் வெந்தது. திருத்திய கையேட்டை அனுப்பினாள். டேப்லெட்டுக்கு சிக்னல் கிடைக்கும்வரை அது போய்ச் சேராது. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோயில் தெரிந்தது. அர்த்தநாரீஸ்வரா, அவர் ஓஸில் கை வைப்பதற்குள் ஒரே ஒரு கோடு சிக்னல் கொடு என்று வாய்விட்டுக் கேட்டாள்.

சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே கிடந்தது. சின்னண்ணன் கீழே வேலைக்குப் போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். வெயில் சாயும் நேரத்துக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மணி, நாந்தான்" என்றான் காளிதாஸ்.

அவன் குரலைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. பேச வாயெடுத்தாள். அதற்குள் அவன் சொன்னான்.

"நம்ம தீர்த்தகிரிக்கு அடிபட்டுப்போச்சு புள்ள. நேத்துப் பொழுதோட. ஓஸைக் கழட்டறப்ப காத்து அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரவே விடிஞ்சிருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்லையாமா. வலது கையை எடுத்துட்டாங்க."

அவன் அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"முள்ளு சைபர்லதான் இருந்துச்சு. அவனுக்குத்தான் மனசுல என்னமோ பட்டிருக்குது. புது வண்டியாச்சுங்களே, ஒருக்காப் பாத்துக்கலாமுங்களான்னு கேட்டான். நாந்தான் டேப்லெட்டைக் காட்டினேன். இதுல போட்டிருக்கற மாதிரியே பண்ணு, எம் பொண்டாட்டி செஞ்சது, தப்பு இருக்காதுன்னு சொன்னேன் மணி."

சாரதாமணி யோசித்தாள். சொல்லாமல் விடலாம். முதலாளி மூலமாகத் தெரியவரும்போது தெரியட்டும். ஆனால் அங்கே அவன், எல்லாம் தன்னால்தான் என்று அழுதுகொண்டிருந்தான்.

"ஏனுங்க, உங்க மேல தப்பில்லீங்க. அந்த எடத்துல ஒரு எச்சரிக்கை இருந்துச்சுங்க. நான் வெட்டி எடுத்தேன். திருப்பி வெக்க மறந்துட்டேன்."

மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ இந்தியில் கூப்பிட்டார்கள்.

"சரியா இருந்தாத்தான பச்சை விழும்னு சொன்ன?" என்றான் காளிதாஸ்.

"வரிசை சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றாள் சாரதாமணி.