வெள்ளையடிக்காத முகம்

ஹேமலதாவிடம் ஒரு படத்தின் கதையைக் கேட்டால் நமக்குக் கோபம்தான் வரும். வில்லன் செத்தானா இல்லையா என்பதே அவளுக்கு நினைவிருக்காது. அவன் விழுந்த இடத்தில் வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் அரை மணி நேரம் பேசுவாள். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நானும் அவளும் பத்தொன்பது வருடமாக ஷேடு பார்க்கிறோம். தோல் வாங்கும் கம்பெனிக்காரன் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டோடு ஒவ்வொரு தோலையும் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நிறம் துளி தப்பினாலும் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. அந்தக் கண்ணைத்தான் அவள் தியேட்டருக்கும் கொண்டுபோனாள்.

போன வருடம் அவளே ஒரு படம் எடுத்தாள். போனில்தான், பன்னிரண்டு நிமிடம். ஷிப்ட் முடிந்து ஒருத்தி வீட்டுக்கு நடக்கிறாள், அவ்வளவுதான் கதை. நடித்தது எங்கள் செக்‌ஷன் ஜெயம்மாள். நல்ல கறுப்பு. சாயங்கால வெயில் பாலாற்று மணலில் பட்டு அவள் கன்னத்தில் ஏறும் அந்தக் கால் மணி நேரத்துக்காக எட்டு ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரத்துக்கு அலைந்தோம். மேகம் வந்தால் வெறுங்கையோடு திரும்புவோம். நான் திட்டாத திட்டு இல்லை.

சங்கக் கட்டடத்தில் ஞாயிறு நான்கு மணிக்குப் படம் போடுவதாக ஏற்பாடு. எங்கள் மேலாளர்தான் தலைமை. அன்று காலை படத்தை வாங்க ஸ்டுடியோவுக்குப் போனோம். கல்யாண வீடியோ எடுக்கிற ஜெஸ்டன்தான் அதைக் கோர்த்துக் கொடுப்பவன். போட்டுக் காட்டினான். ஜெயம்மாள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள்.

"இன்னாடா இது?" என்றாள் ஹேமலதா.

"ரொம்ப டார்க்கா இருந்துச்சுக்கா. கொஞ்சம் ஏத்தி வுட்டேன். பொண்ணு மாப்ளைக்கெல்லாம் செய்றதுதான்."

"பழையபடி ஆக்கு."

"ஒவ்வொரு ஷாட்டா மாத்தணும்க்கா. ஆறு மணி ஆய்டும்."

அவள் ஜெயம்மாளுக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டு ஜெயம்மாள் சிரித்தாள். "வுட்றி. ஒரு நாளாச்சும் செவப்பா தெரிஞ்சுட்டுப் போறேன். இன்னா கெட்டுப்போச்சு?"

"படத்துல நீயே இல்லடி. எவளோ இருக்கா."

ஜெயம்மாள் போனை வைத்துவிட்டாள். ஹேமலதா ஜெஸ்டனை மாற்ற உட்காரவைத்தாள். நான்கரைக்கு மேலாளர் சங்கக் கட்டடத்திலிருந்து போனில் கூப்பிட்டார். இப்போதே ஆரம்பிக்காவிட்டால் கிளம்பிவிடுவதாகச் சொன்னார்.

"கெளம்புங்க சார்," என்றாள் ஹேமலதா. பத்தொன்பது வருடத்தில் எங்களில் ஒருத்தியும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஜெஸ்டன் அதன் பிறகு டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆறேகாலுக்குப் படம் ஓடியது. மேலாளர் நாற்காலி காலி. நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்வேன். மணல், நடை, பிறகு அந்த வெயில் ஜெயம்மாள் கன்னத்தில் மெல்ல ஏறியது. இவ்வளவு அழகை இத்தனை வருடம் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் பார்க்கவே இல்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான்: "இன்னாய்யா, ஒரே கறுப்பா இருக்கு!"

நாலு பேர் சிரித்தார்கள். நான் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வாயெடுத்தேன். அதற்குள், அதுவரை முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டிருந்த ஜெயம்மாள் எழுந்து அவன் பக்கம் திரும்பினாள்.

"கறுப்புதான்டா. நல்லா தெரியலன்னா முன்னால வந்து ஒக்காந்து பாரு."