மெலோர் அம்மையாரின் டுரியான் மரங்கள்

முந்தாநாள் காலை கம்பிவேலிக்கு அப்பால் நின்று மெலோர் அம்மையாரின் தம்பி சொன்னார்: "அக்கா போயிட்டாங்க, அண்ணே. காய்ச்சல்." அனுமதிச் சீட்டு இல்லாமல் நாம் யாரும் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. இந்தப் பக்கம் நின்றே கும்பிட்டேன்.

நான் எழுத்துக் கற்றது இந்த வயதில்தான். கை மெதுவாகத்தான் போகிறது. ஆனாலும் 'மெலோர்' என்று எழுதி முடித்ததும், எனக்கும் இது வருகிறதே என்று ஒரே சந்தோஷம்.

அம்மையார் செமாய் என்ற காட்டுப் பழங்குடி இனத்தவர். செமோர் பட்டணத்துக்கு மேலே மலையடிக் காட்டில் அவர்கள் ஊர். பிரம்பு கொண்டுவந்து கொடுத்து நம்மிடம் உப்பு வாங்குவார். அப்படியே தமிழும் கற்றுக்கொண்டார். நாங்கள் அவர்களைச் 'சக்காய்' என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் உப்பை வாங்காமல் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"சக்காய்னா அடிமை. உங்களைக் 'கூலி, கூலி'ன்னா இனிக்குதா? நான் செமாய்லா. பேரு மெலோர்."

உப்பு அளந்த முனியம்மா, "ஆத்தாடி, உப்பு வாங்க வந்த இடத்துல இவ்வளவு காரமா!" என்றார். அம்மையாரும் சிரித்துவிட்டார். அன்று முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம்.

ஜப்பான்காரன் வந்தான். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றது. எங்கு பார்த்தாலும் மரவள்ளி நடச் சொன்னார்கள். வேலிக்கு வெளியே இருந்த டுரியான் தோப்பையும் வெட்டச் சொன்னார் தோட்டத்துக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி.

"சும்மா கெடக்கிற காடுதானே. வீடு ஏதாச்சும் இருக்கா?"

எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. ஊரில் ஒருவர் இறந்தால் அவர்கள் வீடுகளை விட்டு வேறிடம் போய்விடுவார்கள் என்பதும், மரம் மட்டும் நட்டவரின் பிள்ளை பேரப்பிள்ளைகளுக்கே சொந்தம் என்பதும் தோட்டத்தார் கட்டிய லயத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த எங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மையார் எங்கள் கோடாலிகளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"பொறந்ததுலேருந்து லயத்துல இருக்கீங்க. அதுல ஒரு பலகை உங்களுதா? நாங்க வீட்டை விட்டுட்டுப் போவோம். மரம் எங்களுதுதான்."

என்னோடு வெட்ட வந்த கந்தன் கோடாலியைக் கீழே போட்டான்.

அம்மையாரை, ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கொட்டகையில் பூட்டினார்கள். மறுநாள் ஜப்பான் அதிகாரி வந்தார். அம்மையார் குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு மரத்தையும் யார் நட்டது என்று தன்னால் சொல்ல முடியும் என்றார்.

"வாய்க்கு வந்ததைச் சொல்லுவா, துவான்" என்றார் கிராணி.

அதிகாரி, அம்மையாரைத் தோப்பின் ஒரு முனையிலிருந்தும் தம்பியை மறுமுனையிலிருந்தும் நடக்கவிட்டார். அம்மையாரோடு நான், தம்பியோடு கந்தன். பிறகு ஒப்பிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு மரத்துக்கும் இருவரும் சொன்னது ஒரே பெயர்!

வெட்ட வேண்டாம், பழத்தைப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார் அதிகாரி.

"எடுத்துக்குங்க. ஆனா எங்களைக் கேட்டுட்டு எடுங்க" என்றார் அம்மையார். கிராணி முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தார். அதிகாரிக்கு அரைகுறை மலாய் தெரியும். மறுபாதியை அம்மையாரே மலாயில் உரக்கச் சொன்னார். அதிகாரி அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

இப்போது அம்மையார் இறந்ததால், அவர்கள் வழக்கப்படி ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அதிகாரியும் மாற்றலாகிவிட்டார். இன்று கிராணி சொன்னார்: "பாத்தீங்களா, ஒரு ஆள் இல்லை. நாளைக்கு வெட்டணும்."

புந்தோங்கிலிருந்து புதிதாகக் கொண்டுவரப்பட்டவர்களே, நீங்கள் அம்மையாரைப் பார்த்ததில்லை. நாளை உங்கள் கையிலும் கோடாலி கொடுப்பார்கள். அதனால்தான் இன்றே எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மையாரின் ஆட்கள் பழக்காலத்தில் திரும்பி வருவார்கள். அதுவரை மரம் நிற்க வேண்டும்.

நாளை நான் அம்மையாரின் தாத்தா நட்ட மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். இந்தக் கிழவனைத் தூக்கி அப்பால் போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அடுத்த மரத்துக்குக் கந்தன் வருகிறேன் என்கிறான். அதற்கடுத்த மரங்களுக்கு இன்னும் ஆள் இல்லை.

மெலோர் அம்மா, போய் வாருங்கள். உங்களைப் புதைத்த இடத்துக்கு எங்களால் வர முடியவில்லை. கோடாலி எடுத்தால்தான் எங்களை வேலிக்கு வெளியே விடுகிறார்கள். எடுத்துக்கொண்டு மரத்தடி வரை வருகிறோம்.