சாந்தோம் கட்சியும் அசோக் நகர் கட்சியும்

அப்பாவும் அசோக் நகர் மாமாவும் சேர்ந்து எழுதியவை மொத்தம் பதினேழு பாட்டுகள். பிரிந்த பிறகு தனித்தனியாக எழுதியவை அதைவிட அதிகம். அந்தப் பதினேழையும் இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தனியாக எழுதியதில் யார் ஒசத்தி என்பதுதான் இன்றுவரை முடியாத வழக்கு.

அவர்களுடையது நான்கு பேர் சேர்ந்து நடத்திய தமிழ் ராக் குழு. கிடார் வாசித்துப் பாடியவர் அப்பா. கீபோர்டு அசோக் நகர் மாமா. டிரம்ஸ், பேஸ் வாசித்த இருவரைப் பற்றி எவரும் சண்டை போடவில்லை என்பதால் அவர்கள் நிம்மதியாக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். குழு உடைந்தபோது எனக்கு நான்கு வயது. மாமா உறவுக்காரர் இல்லை, அப்பாவின் கல்லூரித் தோழர். அவரைப் பற்றி எனக்கு மிஞ்சியிருந்த நினைவு ஒரு சிவப்பு ஹெல்மெட் மட்டும்தான்.

ரசிகர்கள் இருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. வீடிருக்கும் இடத்தை வைத்து சாந்தோம் என்பார்கள், அசோக் நகர் என்பார்கள். "சாந்தோம் ரெண்டு வருஷமா ஒண்ணும் விடல" என்று ஒருவர் வருத்தப்பட்டால் அது எங்கள் தெருவைப் பற்றியது அல்ல, அப்பாவைப் பற்றியது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது சித்தப்பா மூலம். அப்பாவின் தம்பி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். ரசிகர்களின் குரூப்பில் அவரும் இருந்தார், தான் யாரென்று சொல்லாமல். சொன்னால் எவரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அதைவிடக் கொடுமை, அவர் அசோக் நகர் கட்சி. அப்பா தி.நகரில் கிடார் வகுப்பு எடுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அம்மாவிடம் சொல்வார்: "அண்ணன் பாட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி. என்ன, முழுசா கேக்க முடியல." அம்மா அரிசி களைந்துகொண்டே சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா என்னை பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அங்கே ரசிகர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். போகும் வழியிலேயே வண்டியை நிறுத்தி, நான் அப்பாவின் மகள் என்று மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் அசோக் நகர் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு. அதையும் சொல்லக் கூடாது என்றார்.

மணலை ஒட்டியிருந்த சிமெண்டுத் திண்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சை நடத்தியவர் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. பெரிய கண்ணாடி போட்டிருந்தார்.

"கரண்ட் போனத பத்தி ரெண்டு பேருமே எழுதியிருக்காங்க" என்றார் கண்ணாடி அக்கா. "அசோக் நகர் எப்படி ஆரம்பிக்கிறாரு? 'உங்க வீட்லயும் போச்சா'ன்னு பக்கத்து வீட்ல ஒரு குரல் கேக்குது. அவ்ளோதான், தெருவே வந்துடுது. சாந்தோம் என்னா பண்றாரு? மூணு நிமிஷம் இருட்டு, நாலாவது நிமிஷம் நிலா. அவர் பாட்டுல மனுஷங்களே கெடையாது. வானிலை அறிக்கைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பருமனான ஒருவர் மட்டும், "அந்த நாலாவது நிமிஷத்துல குரல் ஏறுது பாருங்க, அது அசோக் நகருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது" என்றார். சாந்தோம் கட்சியின் ஒரே ஆள் அவர்தான் போலிருந்தது. சித்தப்பா அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அந்த மின்வெட்டு எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த இருட்டில் அப்பா மடியில் நான் படுத்திருந்தேன், அம்மா ஒரு பழைய நோட்டால் எங்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார். மனுஷர்களே இல்லை என்று இந்த அக்கா எப்படிச் சொல்லலாம்?

என் பையில் அம்மாவின் பழைய ஃபோன் இருந்தது. அதில் ஒரு பாட்டு இருந்தது. அந்த மாதம் முழுக்க அப்பா சனி, ஞாயிறு மதியங்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் அதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். திருட்டுத்தனம் என்று தோன்றவில்லை, பாட்டு அவ்வளவு பிடித்திருந்தது. அப்பா வழக்கமாக எழுதும் பாட்டு மாதிரியே இல்லை அது. கடலோ மழையோ ஜன்னலோ கிடையாது. இரண்டு பேர், ஒரு வண்டி. "இன்னா மச்சி, இன்னும் கோவமா கீறியா, வண்டிய நீயே ஓட்டு, பின்னால நான் குந்திக்கினு வரேன்" என்று போகும்.

சித்தப்பா எனக்குச் சோளம் வாங்க எழுந்து போனார். நான் கண்ணாடி அக்காவிடம் போய், "சாந்தோமோட புதுப் பாட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதுல ரெண்டு பேர் இருக்காங்க" என்றேன்.

"உனக்கு எப்படி பாப்பா கெடைச்சுது?"

"நாங்க பக்கத்து வீடு" என்றேன். சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது.

ஃபோனை நடுவில் வைத்து எல்லோரும் குனிந்து கேட்டார்கள். முடிந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு நல்ல பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கண்ணாடி அக்கா மெதுவாகச் சொன்னார்: "இது மிமிக்ரி. அசோக் நகர அப்படியே பண்றாரு."

"கலாய்க்கிறாரா, காப்பி அடிக்கிறாரா?" என்று கேட்டான் ஒருவன்.

சாந்தோம் கட்சிக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ஏன் இப்பிடி எறங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா அதைத் தன் ஃபோனுக்கு அனுப்பச் சொன்னார். இன்னும் ஒரு தடவை கேட்டால் பிடித்துவிடும் என்று நம்பி நான் அனுப்பினேன். சித்தப்பா சோளத்தோடு திரும்பி வந்தபோது அது குரூப்புக்குப் போய்விட்டிருந்தது. 'சாந்தோம், புதுசு' என்று மட்டும் அக்கா போட்டிருந்தார். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை. சித்தப்பா தன் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சோளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "வா, போலாம்" என்றார். வீட்டு வாசலில், "நீ ஒண்ணும் சொல்லாத. காலைல நான் பேசிக்கிறேன்" என்றார்.

காலையில் சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்ததும் பேசினார். அப்பா கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா நின்றுகொண்டே சொல்லி முடித்தார். அப்பா திருகாணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"நான் அவருக்கு ஃபோன் பண்ணி, பாப்பாதான் தெரியாம அனுப்பிடுச்சுன்னு சொல்லிடறேன்ணா" என்றார் சித்தப்பா.

"வேணாம்" என்றார் அப்பா. "குழந்தை பேர எடுக்காத."

சமையலறையில் அம்மா வஞ்சிரத்துக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். விடியற்காலையிலேயே நொச்சிக்குப்பம் போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கிய மீன். மாமாவுக்கு நடுத்துண்டுதான் பிடிக்கும் என்று அதை மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார்.

பதினொன்றரை மணிக்கு அப்பாவின் ஃபோன் அடித்தது. அவர் ஜன்னல் பக்கம் போய் நின்று எடுத்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"சொல்லு மச்சி."

வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஆமா, என் குரல்தான்… கிண்டல் இல்லடா. சத்தியமா இல்ல."

மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று நான் தேடினேன். இல்லை.

"வெளிய எப்படிப் போச்சுன்னா… நான்தான் அனுப்பினேன்" என்றார். "வேற யாரும் இல்ல. நான்தான்."

சற்றுப் பொறுத்து, "சரி. விடு. நீ சொல்றது சரிதான். வெச்சிடறேன்" என்று சொல்லி ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைத்தார். சமையலறை வாசலுக்கு வந்து, "வரல" என்றார். அம்மா அடுப்பைச் சிறிதாக்கினார்.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். ஒரு கச்சேரி முடிந்ததும் யாரோ ஒரு ரசிகர் இருவரின் எழுத்தையும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அப்பா மைக்கை வைத்துக்கொண்டே, "அவன் எழுதறது பாட்டு இல்லீங்க, தெருப் பேச்சு" என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாகத்தான். அரங்கம் முழுக்கச் சிரித்ததாம். பக்கத்தில் கீபோர்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். அதன் பிறகு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. தான் எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தாரோ அந்தத் தெருப் பேச்சிலேயே ஒரு பாட்டைப் பாதிவரை எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ஒருவருக்கு மட்டும் பாடிக் காட்டுவதாக இருந்தார் அப்பா. குரூப்பில் இருந்த முந்நூறு பேர் அதை முதல் நாளே கேட்டு மறுபடியும் சிரித்துவிட்டார்கள்.

"நெஜத்த சொல்லியிருக்கலாமே" என்றேன் அம்மாவிடம்.

"சொன்னா மட்டும் நம்பிடுவாரா? பண்றதையும் பண்ணிட்டு, குழந்தை மேல பழியப் போடறான்னுதான் நெனப்பாரு" என்றார் அம்மா. பிறகு, "அது மட்டும் இல்லடி. நீ அங்கயே நின்னுகிட்டு இருந்தே" என்றார்.

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவும் அந்தப் பாட்டை முடிக்கவில்லை, வேறு எதையும் எழுதவும் இல்லை. கிடார் வகுப்புக்குப் போகிறார், வருகிறார். கண்ணாடி அக்காவும் மற்றவர்களும் இன்னமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த அரைப் பாட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

அன்று மதியம் நாங்கள் இரண்டு மணிக்கு மேல்தான் சாப்பிட உட்கார்ந்தோம். ஐந்து தட்டுகளில் ஒன்றை அம்மா எடுத்து உள்ளே வைத்துவிட்டார். எனக்கு எப்போது அடி விழும் என்று காத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். அப்பா தனியாக வைத்திருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். நடுத்துண்டை எடுத்து முள்ளைப் பொறுமையாக நீக்கினார், பிறகு என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு, ஆறிடும்" என்றார்.

கோபமாக இருந்தால் இதைக் கொடுப்பாரா? பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. முழுத் துண்டையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.