கருப்பு பெயிண்டுக்கு அடியில்

முத்தாண்டிக்குப்பத்தில் பலாப்பழம் ஏற்றி, நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் விற்பது எங்கள் பிழைப்பு. பழம் ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறதே என்று, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாக வைக்கக் கொடுத்தேன். அத்தோடு விட்டேனா? இன்னும் நாலு பழம் பிடிக்கட்டும் என்று வண்டியின் அடிச்சட்டமான சேஸையும் நீட்டி வெல்டிங் செய்யச் சொன்னேன்.

வண்டியை எடுக்கப் போனால், வெல்டிங் வைத்த இடம் முழுக்கப் புதுக் கருப்பு பெயிண்ட்.

"பெயிண்ட் எதுக்குப்பா?"

"அழகுக்குண்ணே! நான் பத்த வெச்சா யானையே ஏறலாம்" என்றார் பட்டறைக்காரர்.

யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு என்ன அழகு? மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பழம் ஏற்றினோம். பின்பக்கம் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. ஆனால் கேபினுக்கும் பழம் ஏற்றும் தொட்டிக்கும் நடுவே எப்போதும் தாராளமாக நுழையும் என் கை, அன்று பாதியிலேயே சிக்கியது. அடியில் சேஸ் வளைந்தால்தான் அந்த இடுக்கு இப்படிக் குறுகும்.

"வெயில் ஏறிக்கினு இருக்குது, இடுக்குல கைய வுட்டுக்கினு நிக்கிறீங்களே! சந்தேகத்துக்குப் பொறந்த மனுஷன்!" என்றாள், அதற்குள் கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்ட மனைவி.

"நீதானே பக்கத்துல உக்காந்து வரப் போற? எறங்கு."

பழத்தையெல்லாம் இறக்கிவிட்டு, அடியில் படுத்துப் பெயிண்டைச் சுரண்டினேன். வெல்டிங் ஓரமாக நகம் நுழையும் விரிசல்! பாதி வழியில் சேஸ் முறிந்திருந்தால்? மனைவியும் குனிந்து அந்த விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தாள்.

வேறு பட்டறையில் சேஸைப் பழைய நீளத்துக்கே மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் வெல்டிங்கை நான் பார்க்கும்வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்க விடுவதில்லை. பழம் ஏற்றியதும் இடுக்கில் கைவிட்டுப் பார்ப்பதும் உண்டு. நான் மறந்தாலும், "கை போவுதுங்க, வண்டிய எடுங்க" என்று மனைவியின் குரல் வந்துவிடுகிறது.