சலோமி நன்றி சொல்ல வந்த நாள்

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில், ஜேடர்பாளையத்திலிருந்து பரமத்திக்கு சைக்கிளில் ஆள் வந்தான். கலெக்டர் துரை எழுந்து எனக்கு நாற்காலி போட்ட கதையை வாசலில் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்க தங்கச்சி சலோமியம்மா போயிட்டாங்க. காய்ச்சலுங்க" என்றான். அந்தக் கதையை இன்னும் முடிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குச் சொல்லித்தர ஆறாம் வகுப்பு வாத்தியாரிடம் சரக்கில்லை. ஆனாலும், உபதேசியாரின் மனைவியாக அவளை அறிந்த சபையாராகிய நீங்கள், அவளைப் பற்றி எழுத என்னைத்தான் கேட்டீர்கள்.

ஒவ்வொரு ஆண்டின் கடைசி நாள் மதியமும், சலோமி தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நாலு கடலை உருண்டையைத் துணியில் முடிந்து கொடுப்பாள். அந்த வருஷம் தனக்கு நல்லது செய்த ஒருவரைப் பிள்ளையே தேர்ந்து, வீடு தேடிப் போய், இன்னதற்கு நன்றி என்று முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஆண்டவருக்குக் கோயில்ல சொல்லிக்கலாம். மனுசருக்கு அவிய ஊட்டு வாசல்ல போய்த்தான் சொல்லோணும்" என்பாள்.

ஒரு ஆடி வெள்ளத்தில் அவள் மகள் ரூத், அணைக்கட்டருகே ஆற்றில் விழுந்தாள். குதித்துத் தூக்கியவர் பரிசல்காரர் மாரப்பன். நான் கரையில் நின்று கத்தினேன். ஊருக்கு மட்டும் நான் குதித்ததாகச் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது வண்டி நீளத்துக்கு ஒரு முதலையும் சேர்ந்துகொண்டது. மயங்கிக் கிடந்த பிள்ளையும் நம்பிவிட்டாள். வருஷக் கடைசியில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, முடிச்சோடு என் முன்னால் வந்தாள்.

"முதலகிட்ட இருந்து என்னயக் காப்பாத்துனதுக்கு நன்றிங்க மாமா."

கையை நீட்டினேன். சலோமி அடுப்படியிலிருந்து பார்த்தாள். நடந்தது அவளுக்குத் தெரியும். பிள்ளை முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, அந்த முதலைக்கு எத்தன பல்லுங்க?" என்று மட்டும் கேட்டாள். சிரிக்கவில்லை.

நீட்டிய கையை மடக்கினேன். "கண்ணு, குதிச்சது மாமனில்ல, மாரப்பண்ணன். வா, அங்க போலாம்."

மாரப்பன் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். ரூத் சொன்னதைக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சை வாங்கினார். "அஞ்சு மாசமா ஒரு வார்த்த இல்லியேன்னு எம்பட ஊட்டுக்காரிக்கு வெசனமுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க முதல சௌக்கியமுங்களா?"

போன வருஷக் கடைசி நாளில் சலோமியே பரமத்திக்கு நடந்து வந்தாள், கையில் முடிச்சோடு.

"எதுக்கு அம்மிணி?"

"அன்னைக்கு ரூத்து கூட நடந்தீங்களேண்ணா, அதுக்கு."

முதலையையே உண்டாக்கிய நான், முடிச்சை மட்டும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வருஷம் அவள் வாசலுக்குப் போய் நானும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இந்த வருஷம் உருண்டையை ரூத் பிடித்தாள். பாகு முற்றிக் கல்லாகிவிட்டது.

"மாமா, நீங்க யாரு ஊட்டுக்குங்க?"

"உங்கம்மாகிட்டத்தான் கண்ணு."

கல்லறைத் தோட்டத்தில் அந்த மண் இன்னும் படியவில்லை. "புள்ளகிட்ட என்னையப் பொய்யன்னு சொல்லாம உட்டதுக்கு நன்றி, அம்மிணி" என்றேன். முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அவள் கொண்டுவந்த முடிச்சுத் துணி என்னிடம் இருக்கிறது. இங்கே எழுதியதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.