டயரும் ஓதின தண்ணியும்

மறுநாள் எங்கள் வயலில் உழவு. உழவு இயந்திரத்தின் பின்டயரிலோ காற்று நிற்க மறுத்தது. கணவர் வால்வைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி டியூபைத் தண்ணீரில் அமுக்கி, ஓட்டையே இல்லை என்று தீர்ப்புச் சொல்லி மறுபடி பூட்டினார்.

"அப்ப இது கண்ணூறுதான்," என்று கணவரின் உம்மாவான மாமி, குர்ஆன் ஓதி ஊதின தண்ணீரை ஒரு போத்தலில் தந்து டயரில் தெளிக்கச் சொன்னார்.

காற்றுப் போகும் இடத்தில் நுரை குமிழி விடும் என்று படித்திருந்தேன். யாரும் காணாமல் அந்தத் தண்ணீரில் பிள்ளையின் ஷாம்பு கொஞ்சம் கலந்து தெளித்தேன். வால்வு வாயில் குமிழிகள் எழும்பின.

"இஞ்ச பாருங்க, வால்வால போகுது," என்றேன்.

கணவர் வால்வின் ஊசியை மாற்றினார். காற்று நின்றது.

"பாத்தீங்களா மகள், ஓதின தண்ணிட பரக்கத்த, அல்லாஹ்ட அருள. மிச்சத்தப் புள்ளைக்கிக் குடிக்கக் குடுங்க," என்றார் மாமி.

"ஓம் மாமி," என்று சொல்லிக்கொண்டே போத்தலைக் கை நழுவ விட்டேன். கலந்தது பாவமா, கொட்டியது பாவமா என்பது இன்னும் தெரியவில்லை.